டிரைவர் வல்லரசுவின் வலது கால்

எங்க ஊட்டுக்காரருக்குப் பேரு வல்லரசு. "பேரு மட்டும் வல்லரசு, ஒரு குடம் தண்ணி தூக்கித் தர வக்கில்ல"ன்னு நான் கிண்டல் பண்ணா முன்னெல்லாம் சிரிப்பாரு. இடுப்பு ஆபரேஷன் ஆனதுக்கு அப்பால ஒருநாள் வாய் தவறி அதையே சொல்லிட்டேன். மனுஷன் எழுந்து போய் நெஜமாவே குடத்தைத் தூக்கப் பார்த்தாரு. அன்னியிலருந்து அந்தப் பேச்சை வுட்டுட்டேன்.

நான் பச்சையம்மாள். அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா பெட்டிக்கடை வெச்சிருக்கேன். கற்பூரம், சோடா, தண்ணி பாட்டில் விக்கறேன். பௌர்ணமின்னா சுண்டலும் டீயும் போடுவேன். அவரு கவர்மெண்ட் பஸ் டிரைவரு. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். அதுல பதினஞ்சு வருஷம் பெங்களூரு வண்டிதான். விடிகாலையில திருவண்ணாமலையில எடுத்தா செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர்னு போய்ச் சேர்ந்து, அதே வழியா திரும்பி வரணும்.

ஓசூர்ல டீ குடிக்க வண்டியை நிறுத்துவாரு. அந்த அஞ்சு நிமிஷத்துல எனக்கு ஒரு போன் வரும். "சாப்ட்டியா?" "ம்." "சரி, வெச்சுடறேன்." அவ்ளோதான். இத்தனை வருஷத்துல அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நானும் "இத்த கேக்கறதுக்கு ஒரு போனா"ன்னு சலிச்சுக்குவேன். இப்போ எட்டு மாசமா ஊட்டுலயே இருக்காரு. சாப்ட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. எதிர்ல குந்திகினு இருக்கற மனுஷனோட போனுக்கு நான் ஏங்கிகினு இருக்கேன். இத்தப் போய் யார்கிட்ட சொல்றது?

இடுப்பு வலி கொஞ்ச நாளாவே இருந்துச்சு. பல்லைக் கடிச்சிகினு ஓட்டினாரு. ஒருநாள் காலையில பாயை வுட்டு எழுந்திருக்கவே முடியல. தண்டுவடத்துல ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிடுச்சுன்னாங்க. ஆபரேஷன் பண்ணாங்க. வலி போயிடுச்சு, நடக்கறாரு, படி ஏறறாரு. பார்க்கறவங்க "நல்லா ஆயிட்டாரேம்மா"ன்னு சொல்லுவாங்க. ஆனா வலது பாதத்துல உணர்ச்சி இல்ல. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் கொழாயாண்ட நின்னு மூஞ்சி கழுவிகினு இருந்தாரு. இடது கால்ல செருப்பு இருக்குது, வலது கால்ல இல்ல. திரும்பிப் பார்த்தா வாசப்படியிலயே கழண்டு கெடக்குது. இருபது அடி ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்காரு, அவருக்கே தெரியல. நான் ஒண்ணும் கேக்காம செருப்பை எடுத்துகினு போய் காலாண்ட வெச்சேன். அவரு மாட்டிகினாரு.

லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லி ஆபீஸ்லருந்து கடுதாசி வந்துச்சு. அன்னிக்கே ஆதிமூலம் அண்ணன் கடைக்கு வந்துட்டாரு. கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு, சங்கத்து ஆளு. யாரு போர்டுக்குப் போனாலும் கூடவே போய்ப் பாடம் சொல்லிக் குடுக்கறது அவரு வேலை. ஒரு பன்னீர் சோடாவை ஒடைச்சுக் கையில வெச்சிகினு ஆரம்பிச்சாரு.

"மூணு டாக்டருங்க குந்திகினு இருப்பாங்க. எலும்புக்கு ஒருத்தர், நரம்புக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர். உடம்பு எவ்ளோ கெட்டுப்போச்சுன்னு பார்த்து சதவீதம் போடுவாங்க. இனிமே வண்டி ஓட்டத் தகுதி இல்லைன்னு எழுதிட்டா உனக்கு ராஜயோகம். டிப்போவுல குந்தற வேலை, அதே சம்பளம். ஓட்டலாம்னு எழுதிட்டாங்கன்னா அடுத்த நாளே சீட்டுல ஏறணும். ஏறலைன்னா சம்பளம் கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணே"ன்னாரு இவரு.

"எதைக் கேட்டாலும் முடியல சார்னு சொல்லு. கொஞ்சம் முடியும்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. அவங்க ஃபாரத்துல முடியும், முடியாதுன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கும். கொஞ்சத்துக்குக் கட்டம் கிடையாது. ஷேவ் பண்ணாதே. இஸ்திரி போட்ட சட்டை வேணாம். கேட்டுக்குள்ள நொழையறப்பவே நொண்ட ஆரம்பிச்சிடு. உள்ள போய் டாக்டரைப் பார்த்ததும் நொண்டினா சின்னக் கொழந்தைகூட நம்பாது."

எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு. சோடா குடிச்ச அண்ணன் சைக்கிள் ஏறிப் போனதும் என்னைப் பார்த்துத் திரும்பினாரு.

"நான் இன்னாத்துக்கு நொண்டணும்? நான் ஓட்டலாம்னு எழுதி வாங்கப் போறேன்."

"கால்ல உணர்ச்சி இல்லாம எப்படிங்க"ன்னேன். எட்டு மாசத்துல அந்தப் பேச்சை நான் எடுத்தது அதான் மொத தடவை.

"வந்துகினு இருக்குது. முன்ன மாதிரி இல்ல, இப்போ கொஞ்சம் கொஞ்சமா தெரியுது"ன்னாரு. நம்பறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. ஆனா நம்பணும்னு ஆசையா இருந்துச்சு. உள்ளதைச் சொல்லணும் இல்ல? நான் ஒண்ணும் அவரு ஊட்டுலயே கெடக்கட்டும்னு நெனைக்கறவ கிடையாது. விடிகாலையில எழுந்து, டிபன் கட்டி, காக்கிச் சட்டையை ஒதறி நீட்டி, "பார்த்துப் போங்க"ன்னு வாசல்ல நின்னு சொன்ன நாளெல்லாம் எனக்கு வேணும். இப்பவும் அந்த நேரத்துக்கு எனக்கு முழிப்பு வந்துடும். பக்கத்துல பார்த்தா அவரும் கண்ணைத் தொறந்துகினு மோட்டுவளையைப் பார்த்துகினு இருப்பாரு. ரெண்டு பேரும் தூங்கற மாதிரி கெடப்போம்.

பகல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ குடிச்சிட்டு வரேன்னு கெளம்புவாரு. எங்க ஊருல இல்லாத டீயா? ஒருநாள் பூ வாங்கப் போனப்போ நானே பார்த்தேன். பெங்களூரு வண்டி நிக்கற எடத்துல ஒரு தூணாண்ட நின்னுகினு இருந்தாரு. வண்டி ரிவர்ஸ் எடுக்கறப்போ கையைத் தூக்கி "வரலாம், வரலாம்"னு காட்டினாரு. அந்த டிரைவர் இவரைப் பார்க்கவே இல்ல. வண்டி போனதுக்கு அப்பறமும் தூக்கின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. நான் கண்ணுல படாம வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அழுதேன்.

போர்டு புதன்கிழமை. அதுக்கு முன்ன வந்த ஞாயித்துக்கிழமை, "வா, மலையைச் சுத்திட்டு வரலாம்"னாரு.

"சித்திரை மாசத்துல பகல்லயா?"

"ஆமா. வெறுங்கால்ல. போர்டுல சும்மா முடியும் முடியும்னு சொன்னா நம்புவாங்களா? ஞாயித்துக்கிழமை கிரிவலம் வந்தேன் சார், பதினாலு கிலோமீட்டருன்னு சொல்லுவேன். திருவண்ணாமலையில இருக்கற டாக்டருக்கு அதுக்கு மேல இன்னா சர்ட்டிபிகேட் வேணும்?"

அது சரியாத்தான் பட்டுச்சு எனக்கும். இந்த ஊருல கல்யாணம் நடக்கணும்னாலும் சுத்துவோம், கேஸு ஜெயிக்கணும்னாலும் சுத்துவோம். முட்டி வலி போறதுக்கு முட்டி வலியோடவே சுத்தறவங்க இருக்காங்க. அவங்களுக்கு சோடா வித்துத்தான் எங்க பொழப்பே ஓடுது.

கடையை மூடிட்டு, விடிஞ்சதும் ஊட்டு வாசல்லருந்தே கெளம்பினோம். நான் செருப்பைக் கையில ஒரு பையில போட்டு எடுத்துகினேன். அவரு தன் செருப்பை அந்தப் பையில போடறதுகூட வேணாம்னுட்டாரு. வெயில் ஏறினா இன்னாங்க பண்றதுன்னு கேட்டுகினே நான் பின்னாடி போனேன். அவரு முன்னாடி நல்லாத்தான் நடந்தாரு. குபேர லிங்கம் தாண்டும்போது எனக்கு மூச்சு வாங்குது, அவருக்கு வாங்கல. அப்பால பேச ஆரம்பிச்சாரு. எட்டு மாசமா பேசாததையெல்லாம் அன்னிக்குப் பேசினாரு. பக்கத்துல ஒரு பஸ் போனா, "கேட்டியா, கிளட்ச் தேஞ்சுபோச்சு இதுக்கு. டிப்போவுல எழுதிக் குடுத்தா எவன் பார்க்கறான்"னாரு. டவுனுக்குள்ள வந்ததும் ராஜகோபுரத்துக்கு எதிர்ல ஒரு கையேந்தி பவன்ல இட்லி வாங்கிக் குடுத்தாரு. எனக்கு ரெண்டு வெச்சதும், "இன்னும் ஒண்ணு வை, அவ நெறைய நடக்கணும்"னு கடைக்காரங்கிட்ட சொன்னாரு. நான் வேணாம்னு சொல்லல.

கோபுரத்தைப் பார்த்து ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். கால் நல்லா ஆவணும், வண்டியில ஏத்தி வுட்டுடு சாமின்னு வேண்டிகினேன். அவரும் அதைத்தான் வேண்டியிருப்பாரு. அந்த நிமிஷத்துல எனக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு. கூச்சத்தை வுட்டுச் சொல்றேன், கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்துச்சு.

செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் தாண்டும்போது வெயில் ஏறிடுச்சு. காபி கடைங்களாண்ட நின்ன வெள்ளைக்காரங்ககூட நிழலா பார்த்து ஒதுங்கிட்டாங்க. எனக்குக் கால் பொரியுது. மண்ணுல எறங்கறேன், மரத்தடிக்கு ஓடறேன், அப்பால பையிலருந்து செருப்பை எடுத்துப் போட்டுகினேன், சாமி மன்னிக்கட்டும்னு. நிமிர்ந்து பார்த்தா இவரு நேரா போய்கினே இருக்காரு. ரோட்டு ஓரமா தாரு மேலயே நடக்கறாரு. அடேங்கப்பா, இன்னா வைராக்கியம்னு மொதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு.

எமலிங்கம் தாண்டி கொஞ்ச தூரம் போனதும்தான் கவனிச்சேன். ரோட்டு ஓரத்துல வெள்ளை பெயின்ட்ல கோடு போட்டிருப்பாங்க இல்ல, அந்தக் கோடு அவ்ளோ சுடாது. அதுமேல நடந்தா தாங்கலாம். இவரு இடது காலை மட்டும் பார்த்துப் பார்த்து அந்தக் கோட்டு மேல வெச்சாரு. கோடு அழிஞ்சிருக்கற எடம் வந்தா இடது காலை வெடுக்குன்னு எடுத்துடுவாரு. வலது காலு பாட்டுக்கு கருப்புத் தாரு மேல அழுத்தமா விழுந்துகினு இருந்துச்சு. சுடுதுன்னு இடது காலுக்குத் தெரியுது. வலது காலுக்குத் தெரியல.

கூப்புடலாம்னு வாயைத் தொறந்தேன். கூப்புட்டா திரும்பிப் பார்ப்பாரு, அந்த மூஞ்சில இருக்கற சந்தோஷம் போயிடும். அதனால அடி அண்ணாமலை வர்ற வரைக்கும் அந்தக் கால் ரெண்டையும் பார்த்துகினே பின்னாடி நடந்தேன்.

ஊட்டுக்கு வந்து குந்தினதும் காலைத் தூக்கி மடியில வெச்சுப் பார்த்தேன். இடது பாதம் செவந்திருந்துச்சு, அவ்ளோதான். வலது பாதம் கட்டை விரல்லருந்து குதிகால் வரைக்கும் கொப்புளம். பாதி கொப்புளம் ஒடைஞ்சு தோலு உரிஞ்சு, சின்னச் சின்னக் கல்லு ஒட்டிகினு இருந்துச்சு. ஊசியால ஒவ்வொண்ணா எடுத்தேன். அவரு செவுத்துல சாஞ்சு விசிறிகினு இருந்தாரு.

"வலிக்குதா?"

"இல்லையே"ன்னாரு. சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு.

"இது வலிக்கணும்ங்க"ன்னு சொன்னேன். அந்தக் காலைப் புடிச்சிகினே அழுதேன்.

விசிறியைக் கீழ வெச்சாரு. "போர்டு முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே பச்ச. நான் ஜாஸ்தி கேக்கல. ஒரு வருஷம் ஓட்டினா போதும். அப்பால நானே எழுதிக் குடுத்துட்டு எறங்கிடறேன்."

"அப்படி இன்னா இருக்குது அந்த சீட்டுல?" கோவமாத்தான் கேட்டேன்.

வாசல் வழியா ரோட்டைப் பார்த்தாரு. அப்பால சொன்னாரு: "சிங்காரப்பேட்டை தாண்டினா காடு வரும். விடியற நேரம், பனி இருக்கும். பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளி வுட்டுட்டு ஓட்டுவேன். பின்னாடி எல்லாரும் தூங்கிகினு இருப்பாங்க. கொழந்தைங்க, கெழவிங்க, கூலி வேலைக்குப் போற பசங்க, எல்லாரும். கண்டக்டரும் தூங்கிடுவான். நான் ஒருத்தன்தான் முழிச்சிகினு இருப்பேன். அது எனக்கு வேணும் பச்ச."

நான் காலுக்கு மருந்து போட்டுத் துணி சுத்தினேன். சொல்லமாட்டேன்னு தலையை ஆட்டினேன். அதையும் நான்தான் செஞ்சேன், இப்போ மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

புதன்கிழமை காலையில மழமழன்னு ஷேவ் பண்ணிகினாரு. காக்கிச் சட்டைக்கு இஸ்திரி. வலது கால் கட்டு மேல சாக்ஸை இழுத்து மாட்டி, ஷூ போட்டுகினாரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல இவரை மாதிரி பத்துப் பன்னெண்டு பேரு காத்துகினு இருந்தாங்க. தாடியும் கசங்கின லுங்கியுமா ஆளாளுக்குச் செவுத்தைப் புடிச்சிகினு நின்னாங்க. நடுவுல இவரு மட்டும் மாப்பிள்ளை மாதிரி விறைப்பா குந்திகினு இருந்தாரு. ஆதிமூலம் அண்ணன் பார்த்துட்டுத் தலையில அடிச்சிகினாரு. "சொன்னேனே, படிச்சுப் படிச்சு சொன்னேனே"ன்னு என்கிட்ட வந்து மொணகினாரு.

பேரைக் கூப்புட்டாங்க. கூட வந்தவங்களும் வரலாம்னதும் நானும் உள்ள போனேன். அண்ணன் சொன்ன மாதிரியே மூணு பேரு. நரம்பு டாக்டரு ஒரு அம்மா, நரைச்ச தலை, மூக்குக் கண்ணாடி. அவங்கதான் ஸ்கேனையெல்லாம் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்துகினு இருந்தாங்க. எலும்பு டாக்டரு படுக்க வெச்சுக் காலைத் தூக்கிப் பார்த்தாரு, குனிய வெச்சாரு, நடக்கச் சொன்னாரு. கண்ணு டாக்டரு எழுத்துப் படிக்கச் சொன்னாரு. எல்லாத்தையும் செஞ்சாரு. அப்பால கேள்விங்க.

"எவ்ளோ நேரம் ஒரே எடத்துல உட்கார முடியும்?"

"எவ்ளோ நேரம் வேணும்னாலும் முடியும் சார்."

"படி ஏற முடியுமா?"

"முடியும் சார்."

"கால் மரத்துப்போறது, எரிச்சல், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சார். ஞாயித்துக்கிழமை கிரிவலமே வந்தேன் சார். பதினாலு கிலோமீட்டரு. வெறுங்கால்ல, பகல்ல."

எலும்பு டாக்டரு மூஞ்சி மலர்ந்துடுச்சு. "பரவாயில்லையே"ன்னு பேனாவை எடுத்தாரு. இவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. பரீட்சையில பாஸ் ஆன பையன் மாதிரி ஒரு பார்வை. நான் பார்த்துச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு பொய் இல்ல.

நரம்பு டாக்டரம்மா ஸ்கேனைக் கீழ வெச்சாங்க. "இந்த வெயில்ல வெறுங்கால்லயா? எங்க, பாதத்தைக் காட்டுங்க"ன்னாங்க.

ஷூவைக் கழட்டினாரு. சாக்ஸைக் கழட்டினாரு. இடது கால் சும்மா இருக்குது, வலது கால்ல கட்டு. "ஒரு கால்ல மட்டும் இன்னா கட்டு?"

"கல்லு குத்திடுச்சு டாக்டர்."

"வலிக்குதா?"

இவரு அந்தம்மாவை ஒரு செகண்டு பார்த்தாரு. "ஆமா டாக்டர், உயிரு போவுது வலி"ன்னாரு. உணர்ச்சி இருக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்கன்னு கண்டுபுடிச்சுட்டாரு. மூஞ்சியக்கூட சுளிச்சுக் காட்டினாரு.

அந்தம்மா என் பக்கம் திரும்பினாங்க. "ஊட்டுல இந்தக் கட்டு யாரும்மா போடறது?"

"நான்தான் டாக்டர்."

"போடும்போது வலியில கத்துவாரா?"

ஒரு வார்த்தைதான் சொல்லணும். ஆமான்னு சொன்னா மறுநாளே காக்கிச் சட்டையை ஒதறி நீட்டலாம், வாசல்ல நிக்கலாம், ஓசூர்லருந்து போன் வரும். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவரு என்னைப் பார்க்கல, தரையைப் பார்த்துகினு இருந்தாரு. ரெண்டு கையும் முட்டி மேல இருந்துச்சு. நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஆனா பின்னாடி தூங்கிகினு இருக்கற ஜனங்கதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. அவரே சொன்ன அந்தக் கொழந்தைங்க, அந்தக் கெழவிங்க.

"இல்ல டாக்டர்"னு சொன்னேன். "கத்தமாட்டாரு. நான் ஊசி வெச்சுக் கல்லை நோண்டும்போது விசிறிகினு இருந்தாரு."

அந்தம்மா கட்டைப் பிரிச்சுப் பார்த்தாங்க. மத்த ரெண்டு டாக்டரும் எழுந்து வந்து பார்த்தாங்க. யாரும் கோவப்படல. கண்ணை மூடச் சொல்லிட்டு, ஒரு குச்சியை எடுத்து, "எந்த விரலைத் தொடறேன், சொல்லுங்க"ன்னாங்க.

"சுண்டு விரல்"னாரு. அவங்க கட்டை விரலைத் தொட்டுகினு இருந்தாங்க.

"இப்போ?"

"குதிகால்."

அப்போ அவங்க எதையுமே தொடல. குச்சி கையிலதான் இருந்துச்சு. நான் மூஞ்சியைத் திருப்பிகினேன்.

இடுப்பையும் காலையும் சேர்த்து ஒரு சதவீதம் போட்டாங்க. டிரைவர் வேலைக்கு நிரந்தரமா தகுதி இல்ல, மாத்து வேலை குடுக்கலாம்னு எழுதினாங்க. "உங்க சம்பளம் எங்கயும் போகாது"ன்னு டாக்டரம்மா அவரு தோளைத் தட்டிச் சொன்னாங்க. "காலைத் தெனம் பாருங்க. உங்களுக்குத் தெரியாது, உங்க சம்சாரம்தான் பார்க்கணும்." காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு.

வெளிய வந்ததும் ஆதிமூலம் அண்ணன் ஓடி வந்து காகிதத்தை வாங்கிப் படிச்சாரு. படிச்சதும் இவரைக் கட்டிப் புடிச்சுகினாரு. "கலக்கிட்ட வல்லரசு. கேட்டுல விறைப்பா போறதைப் பார்த்து நான் பயந்துட்டேன். இப்படி ஒரு நடிப்பு வெச்சிருப்பேன்னு தெரியாமப் போச்சே"ன்னாரு. இவரு காகிதத்தை வாங்கி மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுகினாரு. நான் அண்ணனுக்கு டீக்குக் காசு குடுத்து அனுப்பி வெச்சேன்.

பஸ் ஸ்டாண்டு போய் எங்க ஊரு வண்டியில ஏறினோம். அந்த வண்டி டிரைவரு மாறன், இவருகிட்ட தொழில் கத்துகினவன். "அண்ணே, முன்னாடி வாங்கண்ணே"ன்னு தன் பக்கத்து சீட்டைக் காட்டிக் கூப்புட்டான். டிரைவருங்க டிரைவருங்களாண்டதான் குந்துவாங்க, அது வழக்கம். இவரு வேணாம்னு கையைக் காட்டிட்டு, பின்னாடி வந்து என்னை ஜன்னல் ஓரமா தள்ளிட்டு பக்கத்துல குந்தினாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு பஸ்ஸுல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல குந்தினது கிடையாது. அவரு வண்டியில நான் போனா மொத வரிசையில குந்தி அவரு முதுகைப் பார்த்துகினே போவேன். ஒருநாளாவது மத்த பொம்பளைங்க மாதிரி புருஷன் தோள்ல சாஞ்சிகினு போவணும்னு எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? அன்னிக்குப் பக்கத்துலதான் இருந்தாரு. சாயறதுக்கு எனக்கு மொகம் இல்ல.

வண்டி கெளம்புச்சு. திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கோயிலோட பெரிய தேரு நிக்கற எடம் தாண்டி ரொம்ப தூரம் வந்ததுக்கு அப்பறம் வாயைத் தொறந்தாரு. முன்னாடி மாறனைப் பார்த்துகினேதான் பேசினாரு.

"லீவு போட்டேனே, அதுக்கு முந்தின நாளு. கிருஷ்ணகிரி மேம்பாலம் எறங்கறேன். முன்னாடி ஒரு லாரி. கால் பிரேக் மேல இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல. குனிஞ்சு பார்த்தேன் பச்ச. வண்டி போய்கினே இருக்குது, நான் ரோட்டைப் பார்க்காம என் காலைப் பார்த்துகினு இருக்கேன்."

நான் அவரு பக்கம் திரும்பினேன். "எத்தனை பேரு இருந்தாங்க?"

"அம்பத்தேழு பேரு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

இல்லைன்னு தலையை ஆட்டினாரு. நீ செஞ்சது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு காத்துகினு இருந்தேன். அத்த சொல்லல. மாறன் கியர் மாத்தினான். அந்தக் கையையே பார்த்தாரு.

"ஆனாலும் போவணும்போலத்தான் இருக்குது"ன்னாரு.

அவரு கையை எடுத்து என் மடியில வெச்சுகினேன்.

"எனக்கும் அனுப்பணும்போலத்தாங்க இருக்குது"ன்னேன்.